அப்புத்தளையில் ஒரு புகைக்குழாய்

விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமெனப் பழைய மாணவர் சங்கத்தார் எழுதியிருந்தனர். ஏனையோர் எவற்றைப் பற்றி எழுதுவரென்பதை ஒருவாறு ஊகித்துக்கொண்டேன். ஆசிரியப் பெருந்தகைகளைப் பற்றியும், துடுப்பாட்டப் போட்டிகளைப் பற்றியும், விடுதிச்சாலையின் இடியப்பத்தைப் பற்றியும் சுவைபட எழுத வல்லார் நம்முட் பலருளர். அவர்தம் எல்லைக்குள் நான் புகவில்லை. அக்கல்லூரியிலே தமிழ் கற்று, இன்று அப்புத்தளையிலே தமிழ் கற்பித்துவரும் நான் ஓர் இரும்புக் குழாயைப் பற்றி எழுதப் போகின்றேன். தமிழாசிரியனுக்கும் இரும்புக் குழாய்க்கும் யாது உறவு எனக் கேட்பார் இருக்கலாம். என் வீட்டிற் படுத்துறங்கிய இரு மாணாக்கரின் உயிரோடு அக்குழாய் தொடர்புற்றிருந்தது. அதுவே உறவு.

யாழ்ப்பாணத்திலிருந்து இக்கட்டுரையைப் படிக்கும் அன்பர்களுக்கு அப்புத்தளையின் குளிரை எடுத்துரைப்பது எளிதன்று. கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,430 மீற்றர் உயரத்திலே, மலைத்தொடரின் ஒடுங்கிய விளிம்பொன்றில் இவ்வூர் அமர்ந்திருக்கின்றது. கடைத்தெருவில் நின்று ஒருபுறம் நோக்கினால் தென்றிசைத் தாழ்நிலம் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கும். மறுபுறம் நோக்கினால் ஊவாவின் மலைகளும் பள்ளங்களும் தோன்றும். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வாயிலைப் போன்றது இவ்வூர். ஆதலின் எத்திசைக் காற்றும் இவ்வழியாற் போகாதிருப்பதில்லை. நம்மூர்ச் சோளகம் பனைவடலியைச் சலசலக்கச் செய்து போய்விடும். இவ்வூர்க் காற்றோ மூடுபனியையும் உடனழைத்துக்கொண்டு கதவிடுக்கு வழியே வீட்டினுட் புகுந்து, விருந்தினர்போல் அமர்ந்துவிடும். மார்கழி, தை மாதங்களிற் பகல் மூன்று மணிக்கே விளக்கேற்ற வேண்டிய நாள்களுமுண்டு.

நெடுநல்வாடையைப் பாடஞ் சொல்லும்போது நான் யாழ்ப்பாணத்தில் ஒருவாறும் இங்கே வேறொருவாறும் உணர்ந்தேன். வேனிற்காலத்திலே தென்றலை வரவேற்ற சாளரங்களைக் கூதிர்காலத்திலே தாழிட்டு அடைத்துவிட்டு, அகன்ற வாயையுடைய தடவிலே நெருப்பிட்டு மக்கள் குளிர்காய்ந்ததை அப்பாட்டிலே நக்கீரர் காட்டுகின்றார். தடவு என்பது நெருப்பிடும் கலம். அச்சொல் வழக்கொழிந்து போயிற்று. கும்மட்டி, கணப்பு என்பன எஞ்சியுள்ளன. யாழ்ப்பாணத்து வகுப்பறையில் அஃது ஓர் இலக்கியக் காட்சி. அப்புத்தளையிலோ மாணாக்கர் எவரும் பொருள் கேட்பதில்லை. எல்லார் வீட்டிலும் நடப்பதுதானே எனச் சிரிப்பர். சாளரத்தை அடைத்தலும் நெருப்பை மூட்டலும் ஒருசேர நிகழும் அந்த இடத்தை இப்பொழுது படிக்கும்போதெல்லாம் என் மனம் கவிநயத்திற் செல்லாமல் வேறொன்றிற் சென்று நிற்கின்றது. அதனையே கூறப் புகுகின்றேன்.

நான் குடியிருக்கும் வீடு தோட்டத்துரைமார் காலத்துப் பழங்கட்டடமொன்றின் ஒரு பாதி. மற்றைப் பாதியில் வேறொரு குடும்பம் இருக்கின்றது. கூடத்தின் மூலையிலே வார்ப்பிரும்பாலான கணப்படுப்பொன்று உண்டு. அதன் தலையிலிருந்து ஆறங்குல விட்டமுள்ள தகட்டுக் குழாயொன்று ஆளுயரத்துக்கு மேலே சென்று, முழங்கைபோல் மடங்கி, சுவரைத் துளைத்து வெளியேறி, மறுபடியும் மடங்கிக் கூரைக்கு மேலே எழுகின்றது. நாம் குடிபுகுந்த நாளில் அக்குழாய் வெள்ளிபோற் பளபளத்தது. முன்பிருந்தவர் எவரோ அலுமினிய வண்ணத்தைத் தடிப்பாகப் பூசியிருந்தார். வீட்டிலே பார்வைக்கு மிகப் புதியதாகத் தோன்றிய பொருள் அதுவே.

சாதாரண தரப் பரீட்சைக்கு முந்திய சில வாரங்களில் மாணாக்கர் இருவர் எம்முடன் தங்கிப் படிப்பது சில ஆண்டுகளாக வழக்கமாகியிருக்கின்றது. பாடசாலையிலிருந்து தொலைவிலுள்ள தோட்டப் பிரிவுகளிலிருந்து வரும் பிள்ளைகள் பேருந்துக்கும் மழைக்கும் காத்துக் காத்தே படிக்கும் நேரத்தின் பாதியை இழந்துவிடுவர். லயத்து அறையொன்றில் ஆறேழு பேருக்கு நடுவே இரவிற் படிப்பதும் இயலாது. ஆதலின் என் மனைவி பாய்களிரண்டைக் கூடத்தில் விரித்துவிடுவார். அவ்வாண்டு வந்தவர்கள் இருவரும் கெட்டிக்காரர். ஒருவன் கணிதப் பிரியன். மற்றவன் கட்டுரை எழுதினால் நிறுத்தத் தெரியாதவன். இரவு பதினொரு மணிவரை கணப்பருகே இருந்து படித்துவிட்டு, அது அணைந்துகொண்டிருக்க, அதனருகிலேயே உறங்கிவிடுவர்.

இரண்டாம் வாரத்தில் இருவரும் காலையிலே தலைவலியென்றனர். கணிதப் பிரியனுக்கு ஒருநாட் குமட்டலும் இருந்தது. பாடசாலைக்கு நடந்து சென்று சேர்வதற்குள் இருவருக்கும் தெளிந்துவிடும். கண்விழித்துப் படிப்பதாலென்று அயலார் கூறினர். தைப்பொங்கலுக்கு மூன்று நாள் தத்தம் லயத்துக்குப் போய் மீண்டவர்களை என் மனைவி விசாரித்தபோது, "வீட்டில தலைவலி வரவே இல்லிங்க டீச்சரம்மா" என்றான் ஒருவன். (அவர் ஆசிரியை அல்லர், ஆசிரியன் மனைவிக்கு இவ்வூரில் அதுவே பட்டம்.) லயத்துச் சமையலறையிலே கண்ணெரியும் புகைக்குள் மூன்று நாளிருந்தும் வராத தலைவலி, புகையே காணாத எம் கூடத்தில் வருவானேன்? திரும்பி வந்த மறுநாட் காலையில் அது மீண்டும் வந்தது. அன்றே கணப்பை அணைத்துவிட்டோம். மூன்றிரவு கம்பளியோடு மட்டும் உறங்கினர், தலைவலி இல்லை. அதன்பின் வேறு சான்று வேண்டியிருக்கவில்லை.

புகையைக் கண்டு அஞ்சும் நாம் புகையில்லாத இடத்தில் அஞ்சுவதில்லை. விறகு நன்றாக எரியும்போது புகைக்குழாய் சூடேறியிருக்கும். குழாயினுள் மேலிழுப்பு வலிதாயிருக்கும். எரிந்து தணலாகியபின் கண்ணுக்குத் தெரியும் புகை நின்றுவிடும். ஆனால் தணலிலிருந்து காபனோரொட்சைட்டு என்னும் வாயு மிகுதியாக எழும். அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. அந்நேரத்திலே குழாயும் ஆறத் தொடங்குவதால் இழுப்புத் தளரும். குழாயிலே துளையிருந்து வெளியே எதிர்காற்றும் வீசினால் அவ்வாயு அறைக்குள்ளே தேங்கும். பிள்ளைகள் உறங்கத் தொடங்கும் நேரமும் அதுவே. குருதியிலுள்ள ஈமோகுளோபின் ஒட்சிசனைப் பற்றுவதினும் 200 மடங்குக்கு மேலான பற்றுடன் இவ்வாயுவைப் பற்றிக்கொள்ளும். பற்றியபின் எளிதில் விடாது. தூய காற்றிலே நின்றாலும் அதிற் பாதி நீங்குவதற்கு நான்கைந்து மணிநேரம் செல்லும். இவ்வாயு குருதியிலுள்ள ஒட்சிசனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் உண்மையைப் பிரெஞ்சு அறிஞர் குளோட் பேர்னாட் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே விளக்கினார். பின்னர் 1890களில் ஸ்கொத்லாந்து நாட்டு அறிஞர் யோன் ஸ்கொட் ஹோல்டேன் நிலக்கரிச் சுரங்கங்களில் இறந்தோரை ஆராய்ந்து, தொழிலாளர் தம்முடன் சிறு பிராணிகளைக் கொண்டுசெல்ல வேண்டுமென்றார். அதன்படி கனேரிப் பறவைகள் பிரித்தானியச் சுரங்கங்களில் 1986 வரை காவலிருந்தன. மனிதனுக்குத் தலைவலி வருமுன் பறவை சோர்ந்து விழும். எம் கூடத்திலே பறவை இல்லை. இரு பிள்ளைகளே இருந்தனர். இஃது என் மனத்திற் பட்ட அன்று நான் வகுப்பிலே பாடஞ் சொல்லவில்லை. எழுத்து வேலை கொடுத்துவிட்டுச் சாளரத்தருகே நின்றேன்.

கட்டுரைப் பிரியனின் பாட்டனார் ஒரு தேயிலைத் தொழிற்சாலையிலே நெடுங்காலம் ஃபிட்டராக வேலை செய்து ஓய்வுபெற்றவர். பேரனுக்குத் தலைவலியென்று கேட்டு மருந்துச் சரக்குகளோடு வந்த அப்பெரியவர், வீட்டினுட் கால் வைத்ததும் பேரனைப் பார்க்கவில்லை, குழாயைப் பார்த்தார். மேசையிலிருந்த அகப்பைக் காம்பை எடுத்து, கீழிருந்து மேலாக ஒவ்வொரு சாண் தூரத்திலும் தட்டிக்கொண்டே போனார். மணிபோல் ஒலித்த குழாய், சுவருக்குள் நுழையும் மடக்கண்டை சென்றதும் ஈரமண்ணைத் தட்டியது போல் ஓசையற்றுப் போயிற்று.

"கறள் பிடித்துவிட்டதா, ஐயா?" என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. யாழ்ப்பாணத்துக் கறள் மலைநாட்டிலே துரு. சொல்லை மாற்றிக் கேட்டதும், "துருதான் மாஸ்டர். ஆனா வெளியிலிருந்து வந்த துரு இல்ல. உள்ளுக்குள்ளேயே தின்னுருக்கு. மேல பெயின்ட் அடிச்சா உள்ள எப்படிங்க நிக்கும்?" என்றார். பின்பு கட்டைவிரலால் அழுத்தினார். வெள்ளிப் பூச்சோடு விரல் உள்ளே போயிற்று. அப்பூச்சுக்கடியிலே சீமெந்து தோய்த்த சாக்குத் துணியொன்று சுற்றப்பட்டிருந்தது. ஓட்டையை அறிந்தே மூடியிருக்கின்றனர்.

தொழிற்சாலைக்காரர் ஒருவருக்கு இவ்விடயம் எங்ஙனம் இவ்வளவு எளிதில் தெரிந்தது என்பதற்கு விளக்கம் தேயிலையிலே இருக்கின்றது. அரைத்துப் பதமாக்கிய கொழுந்தை உலர்த்தும்போது நெருப்பின் புகை அதன்மேற் படலாகாது. அடுப்பிலெழும் புகை ஒரு வழியாற் செல்லும். அதனாற் சூடேறிய இரும்புக் குழாய்களின் மறுபுறத்தால் தூய காற்றுச் சென்று வெம்மை பெற்று உலர்த்தியை அடையும். ஏறக்குறைய 200 பாகை பரனைற்று வெப்பமுள்ள அக்காற்றிலே 20 நிமிட அளவிற் கொழுந்து உலர்ந்து, நூற்றுக்கு மூன்று பங்கு ஈரமே எஞ்சும். இடையிலுள்ள குழாயொன்றில் ஊசிமுனைத் துளை விழுந்தாலும் போதும். அன்று உலர்ந்த தேயிலை முழுவதும் புகை வாடை பெறும். கொழும்பிலே சுவை பார்ப்பவர் ஒரு மிடற்றிலே கண்டுபிடித்துவிடுவார். (சீனத்திலே பைன் விறகின் புகையை வேண்டுமென்றே ஏற்றிச் செய்யும் தேயிலை வகையொன்று உண்டு, அதற்கு நல்ல விலையுமுண்டு. நம் தேயிலையிற் புகை வந்தால் அது குற்றம், அவர் தேயிலையில் வந்தால் அது குணம். இலக்கணத்திலே வழுவமைதி என்போமே, அதுபோலும்.) இவ்வாறு புகையையும் காற்றையும் பிரித்துச் சூடேற்றும் பொறிகளாற் புகழ்பெற்றவர் சாமுவேல் டேவிட்சன். அசாமின் கச்சார்ப் பகுதியிலே தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர் அவர். பின் 1881இல் அயர்லாந்தின் பெல்பாஸ்ற் நகரிலே தொழிற்சாலை நிறுவி, வெம்மணற் பாலையிலிருந்து வீசும் 'சிரொக்கோ' என்னும் காற்றின் பெயரைத் தம் பொறிகளுக்கு இட்டார். அப்புத்தளைக்கு அண்மையிலுள்ள தம்பேதன்னையில் தோமஸ் லிப்டன் 1890இல் தொழிற்சாலை கட்டிய காலம் இத்தகைய பொறிகள் பரவிக்கொண்டிருந்த காலமே.

பெரியவர் வேலை செய்த தொழிற்சாலையிலும் உலர்த்தி அடுப்பின் குழாய்களைத் தட்டிப் பார்ப்பது அவருடைய வாராந்தக் கடமையாயிருந்தது. "டீ கெட்டுப் போச்சுன்னா மறுநாளே துரை வந்து நிப்பாரு. மனுஷன் மூச்சு கெட்டுப் போனா யாருங்க மாஸ்டர் வந்து நிக்கிறது?" என்று அவர் சொன்னபோது அதிலே கசப்பில்லை. மழை வரும்போலிருக்கிறது என்று சொல்வது போலச் சொன்னார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஏணியும் வாளும் சாக்குமாக வந்து குழாயைக் கழற்றினார். மூட்டுகளிற் சுற்றியிருந்த பழைய கயிற்றை உடனே பிய்க்க விடவில்லை. அக்காலத்திலே அத்தகைய கயிறுகள் கல்நாரால், அதாவது அசுபெசுட்டாற் செய்யப்பட்டவை; உலர்ந்த நிலையிற் பிய்த்தால் அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு. தண்ணீர் தெளித்து நனைத்து, முழுதாகக் கழற்றி, பையிலிட்டுக் கட்டினார். இதனை அவருக்கு எவரும் கற்பித்ததாகத் தெரியவில்லை. உடன் வேலை செய்தவர்கள் இருமியதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது என்றார்.

கழற்றிய மடக்கை முற்றத்திலே போட்டு நெடுக்காக அறுத்துக் காட்டினார். உள்ளே கால் அங்குலத் தடிப்புக்குக் கருநிறத் தார் படிந்து, கண்ணாடிபோல் மினுங்கிக்கொண்டிருந்தது. அதனைச் சுரண்டியதும் செதில் செதிலாகத் துரு உதிர்ந்தது. மேற்பக்கத் தகடு இன்னும் உறுதியாகவே இருந்தது. கீழ்ப்பக்கமோ கடதாசி போலாகியிருந்தது. ஏன் கீழ்ப்பக்கம் மட்டும்? விறகு எத்துணை உலர்ந்ததாயினும் அதிலுள்ள ஐதரசன் எரிந்து நீராகும். ஒரு கிலோ உலர்ந்த விறகிலிருந்து ஏறக்குறைய அரைக்கிலோ நீர் ஆவியாக வெளிப்படும். விறகிலேயே ஈரமிருந்தால் அதுவும் சேரும். நாம் எரித்தது கவ்வாத்து வெட்டிய தேயிலை மிலாறும், நிழலுக்கு நிற்கும் கிரவிலியா மரத்தின் கிளைகளுமே. மழைக்காலத்து மிலாறு எரிவதினும் வேவதே அதிகம். அவ்வாவி சூடான குழாய்க்குள் இருக்கும்வரை தீங்கில்லை. சுவரைத் தாண்டி அப்புத்தளைப் பனிக்குள்ளே தலையை நீட்டியதும் குழாய் குளிர்கின்றது. ஆவி வியர்த்து நீராகின்றது. புகையிலே காடியின் புளிப்பைத் தரும் அசற்றிக்கமிலமும் அதன் இனத்தனவும் உண்டு. அவை அந்நீரிற் கரைந்து, தாரோடு சேர்ந்து, குழாயின் கீழ்ப்புறமாக வழிந்து, மடக்கிலே தேங்கி நின்று இரும்பைத் தின்னும். குளிர் கூடக் கூட நாம் நெருப்பைக் கூட்டுகின்றோம். நெருப்பு அணைந்தபின் அதே குளிர் குழாயை அரிக்கின்றது.

கடைத்தெருவிலுள்ள தகர வேலைக்காரர் வந்து பார்த்து, ஓட்டைக்கு மேலே தகடு வைத்து உருக்கி ஒட்டிவிடலாமென்றார். பெரியவர் அதற்கு உடன்படவில்லை. கடதாசியாகிவிட்ட இரும்பிலே ஒட்டு வேலை செய்தால் சுடர் பட்ட இடமெல்லாம் துளை பெரிதாகும். நல்ல இரும்பு எங்கே தொடங்குகின்றதோ அங்கே வெட்டி, அதிலிருந்து புதுக்குழாயே போடவேண்டும். "ஓட்டைக்கு ஒட்டுப் போடலாம், ஒட்டுக்கு ஒட்டுப் போட முடியாது" என்றார். அடுத்து, நாகமுலாமிட்ட தகட்டிலே குழாய் செய்தால் மலிவென்றார் தகர வேலைக்காரர். அதுவும் கூடாதாம். அடுப்புக்கு அண்மையிலே வெப்பம் மிகும்போது நாகம் ஆவியாகி வெண்புகை எழும். அப்புகையை உட்கொண்டால் காய்ச்சல் கண்டவர்போல் உடல் நடுங்கும். ஆகவே அடுப்பின் தலையிலிருந்து சுவர்வரை இரண்டு மில்லிமீற்றர்க் கருந்தகடு, சுவரிலிருந்து வெளியே கறையில் உருக்கு எனத் தீர்மானமாயிற்று.

மூன்றாவது தர்க்கம் எனக்கு மிகவும் பிடித்தது. குழாய்த் துண்டுகளை ஒன்றனுள் ஒன்று செருகும்போது எதை எதற்குள் செருகுவது? மேற்றுண்டின் வாய்க்குள்ளே கீழ்த்துண்டின் முனை செல்லவேண்டும், அப்பொழுதுதான் மேலே போகும் புகை மூட்டு வழியே ஒழுகாது என்றார் தகர வேலைக்காரர். கேட்டவுடன் எனக்கும் நியாயமாகவே பட்டது. பெரியவர் தலையை ஆட்டினார். "மேல் துண்டுதான் கீழ் துண்டுக்குள்ள போகணும். சிமினி நல்லா இழுத்தா புகை வெளியே வராது. மூட்டு வழியா காத்து உள்ளதான் போகும். வெளிய வர்றது தண்ணி. தண்ணி மேலருந்துதான் இறங்குது. நாம குழாய் போடுறது புகைக்கு இல்லிங்க, தண்ணிக்கு" என்றார். கழற்றிய பழங்குழாயைப் பார்த்தோம். முன்பு அதைப் பொருத்தியவர் தகர வேலைக்காரரின் கட்சியாகவே இருந்திருக்கின்றார். மூட்டு ஒவ்வொன்றிலும் தார் வெளியே வழிந்து இறங்கிய கறுப்புக் கோடுகள் பூச்சுக்கடியிலே தெளிவாகத் தெரிந்தன. தகர வேலைக்காரர் அக்கோடுகளைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, ஒன்றும் பேசாமல் அளவு நாடாவை எடுத்தார்.

வேலை இரண்டு ஞாயிறு நடந்தது. படுக்கையாக இருந்த பகுதி இப்பொழுது அடிக்குக் கால் அங்குலமேனும் ஏறிச்செல்கின்றது. வெளிமடக்கு இருந்த இடத்திலே மூடியுடன் கூடிய மும்முனைத் துண்டொன்று வைத்து, தேங்கும் நீரையும் கரியையும் மாதமொருமுறை எடுத்துவிட வழி செய்தார். குழாயின் தலை கூரையின் முகட்டைவிட இரண்டடி உயர்ந்தது. அதற்குக் கீழே இருந்தால் கூரையைத் தாண்டி விழும் காற்றுப் புகையைத் திருப்பி உள்ளே தள்ளும், அப்புத்தளைக் காற்றுக்கு அது விளையாட்டு. தலையிலே மழை மூடி. மூட்டுகளிலே கண்ணாடி நாரிழைக் கயிறும் தீக்களிமண்ணும். ஒவ்வொரு மூட்டுக்கும் மூன்று திருகாணி. வர்ணம் பூசலாமா எனக் கேட்டேன். "வேணாம் மாஸ்டர், கண்ணுக்குத் தெரியட்டும்" என்றார்.

கணப்பை மூட்டிய பின் ஊதுபத்தியொன்றைக் கொளுத்தி மூட்டுக்கு மூட்டு பிடித்துப் பார்த்தார். ஊதுபத்தியின் புகை ஒவ்வோரிடத்திலும் குழாயை நோக்கிச் சாய்ந்தது. பூசை செய்வது போலிருக்கிறதென்று என் மனைவி சிரித்தார். இரவிலே தணலான பின்பும் இருமுறை எழுந்து அப்படியே செய்து பார்த்தோம். கூலியைக் கேட்டபோது பெரியவர் விரல் விட்டுக் கணக்குப் பார்த்து, தம் ஒருநாட் கூலியையும் உதவியாளின் கூலியையும் சேர்த்துச் சரியாகச் சொன்னார், எண்ணி வாங்கினார். பேரன் தங்கியிருக்கும் வீடென்று கூலியைக் குறைக்கவுமில்லை, மாஸ்டர் வீடென்று கூட்டவுமில்லை.

இச்செய்தியை நம் வகுப்புத் தோழர்களின் வட்ஸ்அப் குழுவிலே எழுதினேன். 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வுக்குப் பின் உலகெங்கும் சிதறிய குழு அது. பெரும்பாலோர் கைகூப்பும் படமொன்றை இட்டுவிட்டுப் போயினர். நோர்வேயிலிருக்கும் நண்பரொருவர் மட்டும் தொலைபேசியில் அழைத்தார். படுக்கையும் சமையலடுப்பும் அமைந்த மோட்டார் வண்டியொன்று அவரிடம் உண்டு. விடுமுறையிற் குடும்பத்தோடு அதிலே பயணஞ் செய்து அதிலேயே உறங்குவர். அவ்வண்டியிலே டீசலில் எரியும் சிறு கணப்பொன்று இருக்கின்றது. அதன் புகைக்குழாய் தரைக்கடியாற் சென்று பக்கத்தால் வெளியேறுகின்றது. மாரிகாலத்தில் அந்நாட்டு வீதிகளிற் பனிக்கட்டி கரைவதற்கு உப்பிடுவர். அவ்வுப்பு வண்டியின் அடிப்புறமெங்கும் தெறிக்கும். "உன் கதையைப் படித்ததும் வண்டிக்கடியிற் படுத்துப் பார்த்தேன்" என்றார். வெளியே உப்பின் கறள் சிறிதே இருந்ததாம். குழாயின் மிகத் தாழ்ந்த வளைவிலே நீர் வடிவதற்கு இட்ட சிறு துளை சேற்றால் அடைபட்டிருந்ததாம். நீர் உள்ளே தேங்கி, அந்த வளைவு எம் வீட்டு மடக்கைப் போலவே உள்ளிருந்து அரிக்கப்பட்டிருந்ததாம். தரையிலே கம்பி செல்லும் ஓட்டை வழியாக அக்கசிவு பிள்ளைகளின் படுக்கைக்கு நேர்கீழே எழத்தக்கதாயிருந்தது. அங்கேயும் சூடு தாங்கும் நாடாவைச் சுற்றிவிடலாமென்று ஆலோசனை கூறினோர் உளர். அவர் குழாயை முழுதாக மாற்றி, புதிய கவ்விகளையும் இட்டு, வடிதுளையைக் கீழ்நோக்கி வைத்தார். பனி குவிந்தால் வெளிவாய் அடைபடும் என்பதால் வண்டியை நிறுத்தும்போது அதையும் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அவ்வாயுவைக் கண்டால் ஒலியெழுப்பும் சிறு கருவியொன்றைத் தமக்கொன்றும் எமக்கொன்றுமாக வாங்கி, ஊருக்கு வந்தவரிடம் கொடுத்தனுப்பினார். சவர்க்காரப் பெட்டியளவான அக்கருவி இப்பொழுது எம் கூடத்துச் சுவரிலே, பாய் விரிக்கும் இடத்துக்கண்மையில் இருக்கின்றது. அதனை எம் பிள்ளைகள் 'கனேரி' என்கின்றனர்.

பரீட்சை முடிந்து மாணாக்கர் இருவரும் ஊர் திரும்பினர். கட்டுரைப் பிரியன் புறப்படும்போது ஒன்று கேட்டான். புதுக்குழாய் செய்ததிலே கருந்தகட்டுக் குழாய் ஆறடியளவு மிஞ்சியிருந்தது. அதனைத் தன் தாயின் சமையலறைக்குக் கொண்டுபோகலாமா என்றான். அவன் வீட்டை நான் அறிவேன். லயத்து வரிசையின் நடுவிலுள்ள அறை. சமையலுக்கென்று ஒதுக்கிய மூலையிலே கல்லடுப்பு. புகை கூரைத் தகட்டின் இடுக்குகள் வழியே தன் விருப்பத்துக்கு வெளியேறும். மழை நாளிலே வெளியேறவும் மறுக்கும். சுவரும் கூரையும் பாட்டி காலத்துக் கரியால் மெழுகப்பட்டுள்ளன. அந்தத் தாய் விடியற்காலை நான்கு மணிக்கு ரொட்டி சுடத் தொடங்கி, அதன்பின் மலைக்கு ஏறிக் கொழுந்து பறிப்பவர். அவருடைய இருமலை ஊரார் குளிரின்மேற் சாட்டுகின்றனர். வீட்டுக்குள் எரியும் அடுப்புப் புகை முதலியவற்றால் உலகெங்கும் 2020ஆம் ஆண்டில் மாத்திரம் 32 இலட்சம் பேர் இறந்தனரென உலக சுகாதார நிறுவனம் கணித்திருக்கின்றது. பெரும்பாலோர் ஏழை நாடுகளைச் சேர்ந்தவர்கள். எம் கூடத்திலே இரு பிள்ளைகளுக்குச் சில நாள் தலைவலித்ததற்காக நாம் இவ்வளவு ஓடித்திரிந்தோம். இவர்களுடைய வீட்டிலே ஓட்டையான குழாய் என்பதில்லை, குழாயே இல்லை.

பெரியவர் அடுப்புக்கு மண்ணாற் கூடு கட்டி, குழாய் பொருத்தும் வாயும் வைத்துவிட்டார். இனிக் கூரைத் தகட்டிலே ஆறங்குல வட்டமொன்று வெட்டவேண்டும். அவ்வளவே. ஆனால் லயத்துக் கூரை குடியிருப்பவருடையதன்று. தகட்டைத் தொடுவதற்குத் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். விண்ணப்பத்தை நானே எழுதிக் கொடுத்தேன். இலக்கண வழுவின்றி, பணிவான சொற்களோடு, ஒரு பக்கத்தில். முதல் விண்ணப்பத்துக்கு மறுமொழியில்லை. இரண்டாவதற்கு, ஒரு வரிசையில் ஒருவருக்கு அனுமதித்தால் எல்லாரும் கேட்பர் என்ற விடை வாய்மொழியாக வந்தது. எல்லாரும் கேட்கட்டுமே என்று வரிசையிலுள்ள பதினொரு வீட்டாரும் கையொப்பமிட்ட மூன்றாவது விண்ணப்பம் சென்ற மாதம் போயிருக்கின்றது. அதிலே கையெழுத்து அப்பிள்ளையினுடையது. எனக்குத் திருத்த ஒன்றும் இருக்கவில்லை. குழாய் துருப்பிடியாதிருக்கப் பெரியவர் அதற்குத் தேங்காயெண்ணெய் தடவி, சாக்கிலே சுற்றி, சமையலறைச் சுவரிற் சாய்த்து வைத்திருக்கின்றார்.